தர்பார் மண்டபத்தில் வைத்த பூ

தஞ்சாவூர் அரண்மனையின் தர்பார் மண்டபத்தில், அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்த ஓர் அம்மாள் என் தலையில் பூ வைத்தார்.

வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து எடுத்த பூ. நாலு முழத்துக்குக் குறையாது. மல்லிகைக்கு நடுநடுவே மருக்கொழுந்து வைத்துக் கட்டியது. எனக்குப் பின்னால் வந்து நின்று, பின்னலைத் தூக்கிச் சரத்தைச் செருகி, கொண்டை ஊசியையும் அவரே குத்திவிட்டார். மேலே விதானத்தில் புறாக்கள் குமுறிக்கொண்டிருந்தன. நான் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "மெர்சி மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னேன்.

பெரியம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள். பெரியம்மா மகள் சாரதா அக்கா மட்டும் எங்கள் யாரையும் பார்க்காமல், தூணில் உரிந்துபோயிருந்த வண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜா உட்கார்ந்த இடத்தில் பூ வைத்துக்கொள்ளக் கூடாதோ, அப்படி ஏதாவது சட்டம் இருக்குமோ என்றுதான் நான் முதலில் பயந்தேன்.

அந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று புரிய எனக்கு இன்னும் ஒரு நிமிஷம் தேவைப்பட்டது.

போன வாரம் நண்டுக் குழம்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். வாசகி ஒருவர், எப்போது பார்த்தாலும் சாப்பாடுதானா, உங்கள் ஊரில் கல்யாணமே நடக்காதா என்று கார்டு போட்டிருக்கிறார். அவருக்காக இந்த வாரம் ஒரு கல்யாண விஷயம். நடக்காத கல்யாணம்.

எனக்குக் கிடைத்த பரிசு

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். காரைக்கால் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தேன். தஞ்சாவூர் அரண்மனையைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருஷமாக வீட்டில் அரித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பில் சொன்ன ஒரு வாக்கியம். அதுவரை நாங்களெல்லாம் என்ன நினைத்திருந்தோம் என்றால், பிரெஞ்சுக்காரன் கப்பலில் வந்து, பீரங்கியைத் திருப்பி வைத்து, எங்கள் ஊரைப் பிடித்துக்கொண்டான் என்று. அதில் ஒரு கௌரவம் கூட இருந்தது. பேராசிரியர் அதை ஒரே போடாகப் போட்டுவிட்டார். தஞ்சாவூரில் அரியணைக்குச் சண்டை நடந்த காலத்தில், கையில் பணமில்லாத ஒரு ராஜா உதவி கேட்டுப் பேரம் பேசி, காரைக்காலையும் சுற்றியிருந்த கிராமங்களையும் கொடுக்க ஒப்புக்கொண்டார். கொடுக்கிறேன் என்றார், பிறகு மாட்டேன் என்றார், கடைசியில் ஊர் கைமாறியது. அவ்வளவுதான் சரித்திரம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விழிதியூரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் ஒரு கால் ஏக்கர் விற்பதென்றால்கூடப் பங்காளிகள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஓர் ஊரையே கொடுத்திருக்கிறார்கள், ஊரில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. எந்த மண்டபத்தில் உட்கார்ந்து கொடுத்தார்கள் என்று பார்த்தே தீர வேண்டும் என்று நின்றேன்.

பரீட்சை முடிவு வந்த வாரம் அப்பா, ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போகிறோம், பெரியம்மாவும் சாரதாவும் கூட வருகிறார்கள் என்றார். அப்பா பொதுப்பணித் துறையில் குமாஸ்தா. லீவு நாளில் வாசல்படி தாண்டாதவர். நான் பாஸ் பண்ணியதற்குப் பரிசு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பார்க்க வேண்டியவற்றையெல்லாம் வரிசை போட்டு எழுதினேன். மணிகோபுரம், ஆயுதகோபுரம், சிலைகள், நூலகம், கடைசியில் தர்பார். தர்பாருக்குக் கீழே இரண்டு கோடு.

சாரதா அக்கா

அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பெரியப்பா இருந்தவரை அவளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார். அவர் போன பிறகு, அம்மாவின் கூடப்பிறந்த அக்காவான பெரியம்மாவையும் அவளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்பா தலையில் வந்தது.

எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை 'சொல்தா' என்போம். அந்தச் சொல்தாக்களுக்கு அங்கிருந்து கடிதம் வந்தால், நேராக அக்காவிடம்தான் கொண்டுவருவார்கள். படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பாள். அவளுடைய பிரெஞ்சு அவ்வளவு சுத்தம். ஆனால் நாலு பேர் நடுவில் வாயைத் திறக்க மாட்டாள். நான் கல்லூரியில் இரண்டாம் பாடமாகப் பிரெஞ்சு எடுத்து, தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்தவள். நான் பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

அவளை ஆறேழு பேர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஒவ்வொரு நாளும் என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூத்தவளைப் பார்க்க வரும்போது இளையவள் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடைசியாக வந்தவர்கள், பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, பெண்ணின் நிறத்தைப் பற்றி அவள் காதுபடப் பேசிவிட்டுப் போனார்கள். அன்று அக்கா அப்பாவிடம் ஒன்று சொன்னாள்.

"இனிமே நான் தட்டு தூக்கிக்கிட்டு வர மாட்டேன் சித்தப்பா."

அதனால்தான் அரண்மனை. தரகரின் யோசனை. மாப்பிள்ளை வீட்டார் அம்பகரத்தூர்ப் பக்கம், சொல்தா குடும்பம், பிரான்சிலேயே தங்கிவிட்டவர்கள். பையனுக்கு லீவு ஒரு மாதம்தான். இரண்டு குடும்பமும் தற்செயலாக வந்த மாதிரி அரண்மனைக்கு வர வேண்டும். யாரும் யாரிடமும் பேர் சொல்லிக்கொள்ளக் கூடாது. பிடித்திருந்தால் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குப் பூ வைப்பார், அத்தோடு பேச்சு முடிந்தது. பிடிக்காவிட்டால் அவரவர் பாட்டுக்கு ஊர் திரும்பலாம், யாருக்கும் அவமானம் இல்லை.

பெண்ணை எப்படி அடையாளம் தெரியும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருக்கிறார்கள். தஞ்சாவூரில் அன்றைக்கு எத்தனை பேர் அரண்மனை பார்க்க வந்தாலும், பிரெஞ்சு பேசுகிற பெண் ஒருத்திதான் இருப்பாள் என்றாராம் தரகர்.

இது எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. என்னைக் கூட்டிப்போகிற திட்டமே முதலில் கிடையாது. அரண்மனை என்றால் வாசுகிக்கு உயிர், அவளை விட்டுவிட்டுப் போனால் நானும் வர மாட்டேன் என்று அக்காதான் பிடிவாதம் பிடித்தாளாம். இதை எனக்கு யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்பது இருக்கட்டும். கேட்ட அன்று எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

வெறுந்தலையோடு

கிளம்புகிற அன்று காலையில் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. பரிசு வாங்கப் போகிறவள் பட்டுப்புடவை கட்ட வேண்டாமா? அம்மா சாயம் போன ஒரு சுங்குடிப் புடவையை எடுத்துப் போட்டாள். தலைக்குப் பூவும் இல்லை. வீட்டில் பூ இல்லாமல் இல்லை, ஒரு பந்து பூ அக்கா தலைக்குப் போனது. அக்காவுக்கு மட்டும் கத்திரிப்பூ நிறத்தில் பட்டு. பஸ் ஏறும் வரை நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை மங்கலாக்கிக் காட்டத்தான் அம்மா அந்தப் பாடு பட்டாள் என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

வாஞ்சூர் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அதைத் தாண்டினால் தமிழ்நாடு, மதுவிலக்கு. காரைக்காலில் இருந்து வருகிற எல்லாருமே இடுப்பில் பாட்டில் கட்டிக்கொண்டு வருவதாக அந்தப் பக்கத்துப் போலீசுக்கு ஓர் எண்ணம். எங்கள் தூக்குச்சட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு, புளியோதரையா என்று கேட்டு மூடினார் ஒருவர். அக்கா சிரித்தாள். அன்று காலையில் அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பட்டு கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள்.

அறிமுகமில்லாதவர்கள்

அரண்மனை வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால், முதலில் ஏமாற்றம்தான். நாயக்கர் கட்டியதன்மேல் மராட்டியர் கட்டி, அவரவருக்குத் தோன்றியபடி நீட்டியும் வளைத்தும் வைத்திருந்த கட்டடம். ஒரு முற்றத்தில் நின்றால் அடுத்த முற்றம் எங்கே என்று தெரியாது. தடித்த சுவர், அதற்குள் திடீரென்று ஒரு குளிர்ச்சி, வௌவால் வாடை. ராஜா வீடு என்றால் மினுமினுக்கும் என்று நினைத்திருந்த பெரியம்மா, இதை வெள்ளையடிக்கவே ஒரு வருஷம் ஆகும் போலிருக்கே என்றார்.

எங்களுக்குப் பின்னாலேயே ஓர் அம்பாசடர் கார் வந்து நின்றது. ஐம்பது வயது அம்மாள் ஒருவரும், கழுத்தில் கேமரா தொங்கும் இளைஞர் ஒருவரும் இறங்கினார்கள். அப்பா அவர்களைப் பார்த்ததும் சட்டென்று கூரையை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். வெயில் ஏறிவிட்டதோ என்று நினைத்தேன்.

சிலைகள் இருக்கும் கூடத்து வாசலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, காவலாளியிடம் கையை ஆட்டி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். காதில் விழுந்தது பிரெஞ்சு. நூலகம் எங்கே என்று கேட்கிறார்கள். அக்காவுக்கும் கேட்டது. அவள் வாய் திறக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டாள். நான் அந்த ஒரு நொடியைக் கொடுக்கவில்லை. பாய்ந்து போய், நேராகப் போங்கள், இடது பக்கம் திரும்புங்கள் என்று உரக்கச் சொன்னேன். வழி சரியா என்பதுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் கைகூப்பிவிட்டுப் போனார்கள். நான் ஊரையே ஜெயித்த மாதிரி நின்றேன்.

கேமராக்காரரின் அம்மா என் பக்கத்தில் வந்தார்.

"நல்லா பேசுறியேம்மா. எந்த ஊரு?"

காரைக்கால் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அதன்பிறகு அவர் என்னை விடவில்லை. நானும் அவரை விடவில்லை. மூன்று வருஷம் நான் படித்ததைக் காது கொடுத்துக் கேட்க முதன்முதலாக ஓர் ஆள் கிடைத்திருக்கிறார், விடுவேனா?

இந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டேன் என்றார். கல்லில் இருந்ததைச் சத்தமாகப் படித்தேன். கண் பார்வைக்குச் சோதனை. கோபுரத்தில் படி குறுகலாக இருக்கிறதே, நீ முன்னால் ஏறேன், நான் உன்னைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றார். கிடுகிடுவென்று ஏறினேன். கால் சரியாக இருக்கிறதா என்று சோதனை. மேலே போய்ப் பெரிய கோயில் கோபுரத்தைக் காட்டினேன். வெயிலில் வந்ததற்குத் தண்ணீர் தருகிறாயா என்றார், என் கையால் வாங்கிக் குடித்தார். என்ன பாசம் இந்த அம்மாளுக்கு என்று நினைத்தேனே தவிர, தட்டு தூக்காமலேயே நான் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டார் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். யாரும் யாரையும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதானே ஏற்பாடு. சின்னவளிடம் பேச்சுக் கொடுத்துப் பெரியவளைப் பற்றி நைசாக விசாரிக்கிறார்கள் என்று அப்பா நினைத்திருக்கிறார். பெரியம்மாவுக்குச் சந்தோஷம்கூட. சம்பந்தியம்மாள் இவ்வளவு கலகலப்பாக இருக்கிறாரே என்று அம்மாவின் தொடையில் தட்டினாராம்.

எலும்புக்கூட்டின் பக்கத்தில்

ராஜாவின் அரண்மனையில் திமிங்கலத்துக்கு என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியதாம். அதன் எலும்பையெல்லாம் கொண்டுவந்து அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு விலா எலும்பும் ஓடத்து மரக்கட்டை நீளம். கடலையே பார்த்து வளர்ந்த எங்களுக்கே வாயடைத்துப்போனது.

நான் மதாமுக்கு, கேமராக்காரரின் அம்மாவை அதற்குள் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தேன், திமிங்கலம் மீன் அல்ல என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எலும்புக்கு அந்தப் பக்கம் அந்த இளைஞர் அக்காவிடம் மெதுவாக ஏதோ பிரெஞ்சில் கேட்டார். அக்கா பதில் சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார். இந்த முறை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேமரா 'கிளிக்' என்றது.

என்னுடைய விளக்கத்தைக் கேட்டுத்தான் சிரிக்கிறாள் என்று நான் கோபப்பட்டேன். நாலடி தூரத்தில் நடந்தது எனக்குப் புரியவில்லை. முந்நூறு வருஷத்துச் சரித்திரம் மட்டும் விரல்நுனியில் இருந்தது.

பூ

தர்பார் மண்டபத்துக்கு வந்தபோது பகல் உச்சி. இளைஞர் கேமராவுக்குப் பிலிம் மாற்ற வேண்டும் என்று காருக்குப் போனார். தூணெல்லாம் சித்திர வேலை, வளைவெல்லாம் தெய்வ உருவங்கள், பாதி வண்ணம் உதிர்ந்துபோயிருந்தது. நான் மதாமிடம் என் இரண்டு கோடு போட்ட விஷயத்தைச் சொன்னேன். இந்த வீட்டு ராஜாதான் நம் ஊரைக் கொடுத்தது, ஊர்க்காரர் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை என்றேன்.

அவர் அதைக் கேட்டாரோ இல்லையோ, என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு முடி இருக்கு, ஒரு பூ இல்லையேம்மா."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

முதலில் பேசியது பெரியம்மா. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"அது இல்லீங்க. பொண்ணு இவ. இந்தா நிக்கிறா பாருங்க."

மதாம் அக்காவைப் பார்த்தார். அன்று முழுவதும் அவர் அக்காவைச் சரியாகப் பார்த்ததே அப்போதுதான் என்று நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்தார். பிரெஞ்சு பேசும் பெண் என்றுதானே தரகர் சொன்னார் என்று முணுமுணுத்தார். முகம் கறுத்துப்போனவர், பிறகு நிமிர்ந்தார்.

"வச்சது வச்சதா இருக்கட்டுங்க. தலையில வச்ச பூவ எடுக்கக் கூடாது. எங்களுக்கு இந்தப் பொண்ணப் புடிச்சிருக்கு."

எனக்கு அங்கே இரண்டாவது அதிர்ச்சி. முதல் அதிர்ச்சியைவிடப் பெரியது. அப்பா மறுக்கவில்லை. இல்லீங்க, தப்பா நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். அப்பா கண்ணாடியைத் துடைத்தால் யோசிக்கிறார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும்.

நான் சரத்தைப் பிடித்து இழுத்தேன். ஊசியோடு நாலு முடியும் சேர்ந்து வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை அக்காவிடம் நீட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் முதலிடம் அதற்குத்தான். அக்கா வாங்கவில்லை.

"வேணாம்டி. உனக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

குரலில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை.

நாங்கள் வெளியே வரும்போது இளைஞர் கேமராவோடு எதிரே வந்தார். அக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விட்டாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். நாகப்பட்டினம் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அந்த அம்மாகிட்ட சொன்னீல்ல, ஊரைக் குடுக்கும்போது ஊர்க்காரங்கள யாரும் கேக்கலன்னு. என்னையும் யாரும் கேக்கல வாசு. இன்னைக்குக் கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன்."

கண்ணாடி துடைத்த மூன்று நாள்

மறுநாளே தரகர் வந்தார். சின்னப் பெண்ணைக் கேட்டு. சீர் செனத்தி எதுவும் வேண்டாம், பெண் மட்டும் போதும் என்று.

அப்பா மூன்று நாள் யோசித்தார். பிரெஞ்சுக் குடியுரிமை என்றால் எங்கள் ஊரில் அப்படி ஒரு மவுசு. பதவிசான பையன், பெண் அங்கே போய்விட்டால் போதும், குடும்பமே கரையேறிவிடும் என்றெல்லாம் அவர் கணக்குப் போட்டிருக்கலாம். நான் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் அம்மாதான் தரகரின் முன்னால் வந்து நின்று முடித்துவைத்தாள். அக்கா மகளுக்குப் பார்த்த இடத்தில் என் மகளைக் கொடுத்துவிட்டு, எங்கள் அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று கேட்டாள். தரகர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அப்பா அன்று இரண்டு முறை குளித்தார், சூடு தணியவில்லை போல.

அந்தக் குடும்பம் லீவு முடிந்து போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். சாரதா அக்கா அதன்பிறகு எந்த மாப்பிள்ளைக்கும் சம்மதிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சராகச் சேர்ந்தாள். மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டாள். எனக்குக் கல்யாணமானபோது என் தலையில் பூ வைத்து அலங்காரம் செய்ததும் அவள்தான். அவள் கை என் பின்னலைத் தொட்டபோது நான் அழுதேன். புருஷன் வீட்டுக்குப் போகிற அழுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

தகரப் பெட்டி

எண்பதுகளின் நடுவில் அப்பா காலமானார். பதினாறாம் நாள் முடிந்ததும், விழிதியூர் நிலத்துப் பத்திரம் வேண்டும் என்று அம்மா அவருடைய தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். வரி ரசீதுகளுக்கு அடியில், ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடு போட்ட ஒரு வெளிநாட்டு உறை. அப்பாவின் ஆபீஸ் விலாசம். வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது. தபால் முத்திரையைப் பார்த்தேன். நாங்கள் தஞ்சாவூர் போய் வந்த அடுத்த மாதம்.

உள்ளே கலர் போட்டோக்கள். ஒன்பது.

எல்லாம் அரண்மனையில் எடுத்தவை. ஒன்பதிலும் சாரதா அக்கா. மணிகோபுரத்து ஜன்னலில் அக்கா. சிலைக்கூடத்தில், ஒரு பார்வதி சிலையைத் தலைசாய்த்துப் பார்க்கும் அக்கா. திமிங்கல எலும்புக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திச் சிரிக்கும் அக்கா. நானும் இருக்கிறேன். முகம் இல்லை, உடம்பும் இல்லை. படத்தின் ஓரத்தில், எதையாவது சுட்டிக்காட்டும் ஒரு விரல். ஒன்பதில் ஆறில் அந்த விரல் இருக்கிறது.

கூடவே ஒரு சின்னக் கடிதம், பிரெஞ்சில். என் அரைகுறைப் பிரெஞ்சுக்கே புரிந்தது.

ஐயா, அம்மா வேறொரு பெண்ணுக்குப் பூ வைத்தது காரில் திரும்பும்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பேசியது திமிங்கலத்தின் பக்கத்தில் நின்றவரோடு. அவருக்குச் சம்மதமா என்று அவரிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள். சம்மதம் இல்லையென்றாலும் இந்தப் படங்களை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்பாவுக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. ஊரில் படித்துச் சொல்ல ஆளா இல்லை? வீட்டுக்குள்ளேயே நான் இருந்தேன், எட்டு வீடு தள்ளி அக்கா இருந்தாள். கடிதத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, படத்தைப் பார்க்கப் பிரெஞ்சு எதற்கு?

அப்பாவை எனக்குப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும். ஏன் வைத்திருந்தார் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தன் மகளுக்கு வராதது பெரியம்மா மகளுக்குப் போக வேண்டாம் என்றா? இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்ற பயமா? நாளைக்குக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டு, பிறகு கொடுக்க முகமில்லாமல் போயிற்றா? எதுவாக இருந்தாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இதை அச்சில் எழுதுவதற்குள் எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

பதில்

அன்று சாயங்காலமே எடுத்துக்கொண்டு போனேன். அக்கா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் பெரியம்மா தூக்கத்தில். அக்கா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். நான் அழுதேன். நீ எதுக்குடி அழுவுற என்றாள்.

அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, பெண்டாட்டி பிள்ளை என்று ஆகியிருக்கும், கிழித்துப் போட்டுவிடு என்றேன்.

"இருக்கட்டுமே. என்னைக் கேக்கணும்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கு. பதில் போடாம இருந்தா மரியாதையா?"

விடைத்தாள் கட்டை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். நாலே வரி. எழுதி முடித்து எனக்குத் தமிழில் சொன்னாள். உங்கள் கடிதம் இன்றுதான் என் கைக்கு வந்தது. அன்று என்னைக் கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. நன்றி.

பதில் வந்ததா என்று வாசகி கார்டு போடுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வரவில்லை. அக்கா எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

இருவரும் தபாலாபீஸ் வரை நடந்தோம். உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள். அப்பா இறந்து பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. என் முகத்தில் அவள் எதைப் பார்த்தாளோ, என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பாவம், சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாதுல்ல. என்ன எழுதியிருக்குன்னு புரிஞ்சிருக்காது."

அந்த ஒன்பது படங்களும் அவள் கையில்தான் இருந்தன. எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வாழ்ந்தவள் நான். அன்று, ஆமாம் அக்கா என்று மட்டும் சொன்னேன்.